நாட்றம்பள்ளி சம்பூர்ணம் நேரில் வருகிறார்

ராமமூர்த்தி நீட்டிய சீட்டைப் பரணிதரன் தன் ஃப்ளெக்ஸ் பேனர் கடையில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தான். முதல் தடவை படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். இரண்டாவது தடவை படித்ததும் எழுந்து போய் ஃபேனைக் கூட்டி வைத்தான். மூன்றாவது தடவையும் எழுத்து மாறவில்லை.

சீட்டின் தலையில் சாமுவேலின் மீசை வைத்த போட்டோ, பெயர். அதன் கீழே 'தோற்றம்: இரவு 10.30, மறைவு: இரவு 11.30' என்றிருந்தது. வெளியூர்க்காரன் யாராவது இதைப் படித்தால், பிறந்து ஒரு மணி நேரத்தில் போய்விட்ட பச்சைக் குழந்தைக்கு எப்படி இவ்வளவு பெரிய மீசை என்று மலைத்துப் போவான். ஆம்பூர்க்காரனுக்கு விளக்கமே வேண்டாம். மூடுகிறவரை பதினான்கு வருஷம் லோக்கல் கேபிளில் சாமுவேல் தன் நிகழ்ச்சியை முடித்ததே அப்படித்தான். "என் தோற்றம் பத்தரை, மறைவு பதினொன்றரை. நாளைக்கும் பொறந்து வர்றேன் தோஸ்த்" என்று கும்பிடுவார். சாவு போஸ்டரில் போடுகிற வார்த்தையை வைத்து விளையாட வேண்டாமே என்று சர்ச் பாஸ்டர் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். போஸ்டர் ஒட்டுகிற அன்றைக்குப் படிக்க நான் இருக்கமாட்டேனே, இப்போதே படித்துக்கொள்கிறேன் என்று சாமுவேல் அவரையும் சிரிக்க வைத்து அனுப்பிவிட்டார்.

அந்த வரியால் பரணிதரனுக்கு ஒரு தொல்லையும் இல்லை. அதற்கும் கீழே, 'கொட்டை எழுத்து' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்த வரிதான் அவனை மூன்று தடவை படிக்க வைத்தது. 'நாட்றம்பள்ளி சம்பூர்ணம் நேரில் வருகிறார்.'

"வர்றேன்னு அவங்க சொன்னாங்களா?" என்று கேட்டான்.

ராமமூர்த்தி ஷூ கம்பெனியில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தாமதமாக வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தி வைத்ததால், உலகத்தில் யாரையும் சொன்ன நேரத்துக்கு வரவழைத்துவிடலாம் என்ற நம்பிக்கை அவருக்கு உண்டு. "சொல்லல. நீ ஃப்ளெக்ஸ் அடிச்சு ஹைவே பூரா கட்டு. தன் பேரைப் பார்த்துட்டு வராம எங்க போய்டுவாங்க?" என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் சாமுவேலுக்கு இரங்கல் கூட்டம், ஏற்பாடு அவர்தான். போன் செய்கிறவன் எல்லாம் சம்பூர்ணக்கா வருவாங்களா என்று கேட்டே அவர் உயிரை எடுக்கிறானாம்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருவர் போன செவ்வாய்க்கிழமை கல்லறைத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இன்னொருவன் பரணிதரன். ஏனென்றால் நாட்றம்பள்ளி சம்பூர்ணம் என்பது அவன்தான்.

அந்தக் கதையைச் சொல்லாமல் மேலே போக முடியாது. சாமுவேல் பகலெல்லாம் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். ராத்திரி, செருப்புக் கடை மாடியில் இருந்த கேபிள் ஆபீசில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து 'பத்தரை மணி தோஸ்த்' நடத்துவார். இரண்டாவது ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வருகிற ஜனம், தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு டிவி முன்னால் உட்காருகிற நேரம் அது. போன் போடுகிறவர்களிடம் முதலில் இரண்டு கேள்வி கேட்பார். "சாப்டாச்சா? இன்னா கொழம்பு?" அவ்வளவுதான் நிகழ்ச்சி. கொழம்பில் ஆரம்பித்தால் மாமியார் வருவாள், மேஸ்திரி வருவான், காணாமல் போன ஆடு வரும், கல்யாணமாகாத தங்கை வருவாள். மனிதனின் எல்லாக் கதையும் கொழம்பில்தான் இருக்கிறது என்பது சாமுவேலின் கட்சி.

ஆனால் ஆரம்பித்த முதல் மூன்று நாள் ஒருத்தரும் போன் போடவில்லை. மேஜைமேல் இரண்டு போன், இரண்டும் ஊமை. மூன்றாம் நாள் சாமுவேல் தன்னையே இன்னா கொழம்பு என்று கேட்டு, தானே புளிக்குழம்பு என்று பதில் சொல்லி, அதைப் பற்றி இருபது நிமிஷம் பேசிப் பார்த்தார். நாலாம் நாள் விளம்பர இடைவேளையில் பரணிதரனைப் பார்த்தார். அப்போது அவன்தான் அங்கே கேமரா, லைட், வயர், டீ எல்லாம். "பக்கத்து ரூமுக்குப் போய் நீயே போன் போடு. ஆம்பளக் குரல் வேணாம், உன் தொண்டை இந்த ஊருக்கே தெரியும்" என்றார்.

பரணிதரன் கேமராவை ஸ்டாண்டில் நிற்கவிட்டுப் பக்கத்து அறைக்குப் போனான். கைக்குட்டையை வாயில் கட்டிக்கொண்டு பெரியம்மாவின் குரலை இழுத்துவிட்டான். பெயர் கேட்டதும் வாயில் வந்தது சம்பூர்ணம். ஊர் நாட்றம்பள்ளி என்றான், அங்கே இந்த கேபிள் எட்டாது, ஆளைத் தேடிப் போய்ப் பார்க்க மாட்டார்கள் என்ற கணக்கில். கேபிள் எட்டாத ஊரில் இருக்கிறவள் எப்படி இந்த நிகழ்ச்சியைப் பார்க்கிறாள் என்று பதினான்கு வருஷத்தில் ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஜனங்களுக்கு ஒருத்தரைப் பிடித்துவிட்டால் கணக்குக் கேட்கமாட்டார்கள்.

பிடித்துத்தான் போனது. "நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா சண்டை" என்று ஆரம்பித்துவிட்டு எல்லாவற்றையும் சொல்வாள் சம்பூர்ணம். எந்த நாள் கேட்டாலும் அவள் வீட்டில் மொச்சைக்கொட்டை போட்ட கருவாட்டுக் குழம்புதான். வெள்ளிக்கிழமையிலுமா என்று சாமுவேல் கேட்டால், "வெள்ளிக்கிழமைன்னா கருவாட்டை மட்டும் ஓரமா எடுத்து வச்சிடுவேன்" என்பாள். சிரிப்பை அடக்க முடியாமல் சாமுவேல் டீ கிளாசை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொள்வார். கிளாசில் டீ இருக்காது. ஒரே வாரத்தில் இரண்டு போனும் ஓயாமல் அடிக்க ஆரம்பித்தன. இனி சம்பூர்ணம் வேண்டியதில்லை என்று ஒருநாள் நிறுத்திப் பார்த்தார்கள். போன் போட்ட அத்தனை பேரும் தங்கள் கொழம்பைச் சொல்லாமல், அக்காவுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். அதற்கப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை.

"இது நம்ம ரெண்டு பேரோட போகட்டும். நான் செத்தாலும் நீ வாயைத் திறக்கக்கூடாது" என்று சாமுவேல் பைபிள்மேல் பரணிதரன் கையை வைத்துச் சத்தியம் வாங்கினார். அப்புறம் சந்தேகம் வந்து, அவன் வீட்டுக் குலதெய்வத்தின் பேரிலும் ஒன்று வாங்கிக்கொண்டார்.

சத்தியத்தை மீறினால் சாமி கண்ணைக் குத்துமோ இல்லையோ, ஊர் குத்தும். பரணிதரனைத் திட்டுவார்கள், திட்டிவிட்டுப் போவார்கள். ஆனால் பதினான்கு வருஷம் எங்களை ஏமாற்றினானா அந்த சாமுவேல் என்று செத்த மனிதரைத்தான் முதலில் பேசுவார்கள். பதில் சொல்ல அவர் இல்லை. இது முதல் பயம். இரண்டாவது பயம் வீட்டில் இருந்தது. அதன் பெயர் ஜோதி.

ஜோதி அவன் மனைவி. ஷூ கம்பெனியில் தையல் செக்‌ஷன். கல்யாணமான புதிதில் ஒருநாள் ராத்திரி, சம்பூர்ணம் ஒரு போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே, இன்னொரு போனில் ஜோதி வந்துவிட்டாள். பெயர் சொல்லவில்லை. ஆனால் பிளைவுட் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தவனுக்குக் குரல் தெரியாதா? அவள் வீட்டுக்காரர் பன்னிரண்டு மணிக்கு வருகிறாராம். ஊர்க் கதையெல்லாம் கேட்டுவிட்டு வருகிறவர் அவளிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லையாம். கேட்டால் தொண்டை கட்டிக்கொண்டது என்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறாராம். "அவர் உங்க கேமராவுக்குப் பின்னாடிதான் நிக்கிறாரு. காதுல விழட்டும்னுதான் போட்டேன்" என்றாள்.

தொண்டை ஏன் கட்டிக்கொள்ளாது? ஒரு மணி நேரம் பெரியம்மாவாகக் கத்திவிட்டு வருகிறவனுக்கு?

சாமுவேலுக்கு அன்றைக்கு இருந்த குஷி வேறு எந்த நாளிலும் இல்லை. காலியாகக் கிடந்த கேமராப் பக்கம் கையைக் காட்டி, இதோ தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறார் அம்மா, என்று ஒரு பொய்யைப் போட்டார். பிறகு, "சம்பூர்ணம், நீயே தீர்ப்பு சொல்லு. இந்தாளுக்கு இன்னா தண்டனை?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

தனக்குத் தானே தண்டனை விதிக்கிற யோகம் எத்தனை பேருக்கு வாய்க்கும்? கம்மியாகச் சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளாது. பரணிதரன் கைக்குட்டையை இறுக்கிக்கொண்டு சொன்னான். "நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா சண்டை. ஞாயித்துக்கிழமை ஆனா கரண்டியை அவன் கையில கொடுத்துடு. உப்பு எங்க, மிளகாத்தூள் எங்கன்னு உன்னைக் கேட்டுத்தான ஆவணும்? வாய் தானா திறக்கும்."

வாய் திறந்தது. உப்பில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகக் கேட்டான், அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அப்படியே பேசிப் பழகினார்கள். அந்த வாரத்திலிருந்து பதினாறு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைச் சமையல் பரணிதரன் தலையில். தன் குடும்பம் குடும்பமாக இருப்பதற்குச் சம்பூர்ணக்காதான் காரணம் என்று ஜோதி கம்பெனியில் புதிதாகச் சேருகிற பெண்களிடமெல்லாம் சொல்கிறவள். அந்தச் சம்பூர்ணக்கா பனியனும் லுங்கியுமாகத் தன் பக்கத்திலேயே படுத்துக் குறட்டை விடுகிறாள் என்று தெரிந்தால் என்ன ஆகும்? பரணிதரன் அதற்கு மேல் நினைத்துப் பார்க்க விரும்பவில்லை.

ஃப்ளெக்ஸை அடித்துக் கட்டினான். தொழில், வேறு வழியில்லை. கட்டிவிட்டு வந்த அன்றே ஒரு யோசனை வந்தது. சம்பூர்ணத்தைச் சாகடித்துவிட்டால்? வேலியில் போகிற ஓணானை எடுத்து வேட்டியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அதுதான் அது. சாப்பிடும்போது ஜோதியிடம் மெதுவாக, கொரோனா சமயத்திலேயே அந்தம்மா போய்விட்டதாகக் கேள்வி என்றான். ஜோதி சோற்றில் கையை அப்படியே வைத்துக்கொண்டு அழுதாள். சாமுவேலுக்கு அழுததைவிட ஜாஸ்தி. அழுது முடித்ததும் மூக்கைச் சிந்திவிட்டு, நாளைக்கே லீவு போட்டு நாட்றம்பள்ளி போய்த் துக்கம் விசாரித்துவிட்டு வரலாம், விலாசம் வாங்குங்கள் என்றாள். ஃப்ளெக்ஸில் சாமுவேல் படத்துக்குப் பக்கத்தில் அக்கா படத்தையும் போட வேண்டும் என்றாள். பொழுது விடிவதற்குள் பரணிதரன் யாருக்கோ போன் செய்வதுபோல் நடித்து, செத்தது வேறு சம்பூர்ணம் என்று உயிர் கொடுக்க வேண்டியதாயிற்று. ஜோதி குலதெய்வத்துக்குக் காசு முடிந்து வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் வழக்கம்போல அவன்தான் சமைத்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இருவரும் மண்டபத்துக்குப் போனார்கள்.

மண்டபம் நிரம்பி வழிந்தது. மேடையில் சாமுவேலின் பெரிய படம், பக்கத்தில் அவர் மகள் ஜாஸ்மின். ஓரத்தில் சிவப்பு வெல்வெட் போட்ட ஒரு காலி நாற்காலி, சம்பூர்ணத்துக்காக. பரணிதரன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்று, அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். பிரியாணிக் கடை நிசார் அஹமது, ஊர் முழுக்கக் கரண்ட் போன ஒரு நாளைச் சொன்னார். அன்றைக்கு சாமுவேல் ஜெனரேட்டர் வெளிச்சத்தில், ஊரே இருட்டில் கிடப்பது தெரியாமல் ஒரு மணி நேரம் பேசியிருக்கிறார். மெழுகுவர்த்தி வாங்கப் போன நிசார் ஜன்னலுக்குக் கீழே நின்று முழுக்கக் கேட்டிருக்கிறார். மறுநாள் விஷயம் தெரிந்ததும் சாமுவேல், நேற்று நன்றாக அமைந்துவிட்டது, வீணாக்க மனசு வரவில்லை என்று சொல்லி, தும்மல் வந்த இடத்தில் தும்மல் உட்பட எல்லாவற்றையும் திரும்ப நடத்தினாராம். அடுத்து அணைக்கட்டு பக்கத்திலிருந்து வந்து தோல் கம்பெனியில் வேலை செய்த முனியம்மா. காணாமல் போன தன் ஒரு ஆட்டை சாமுவேல் டிவியில் சொல்லி, மறுநாள் இரண்டு ஆடு வந்து சேர்ந்த கதையைச் சொன்னாள். அந்த இன்னொரு ஆடு என்ன ஆச்சு என்று கூட்டத்தில் ஒரு கிழவர் எழுந்து கேட்டார். முனியம்மா மைக்கை ராமமூர்த்தியிடம் கொடுத்துவிட்டு இறங்கிவிட்டாள்.

சிரிப்பு அடங்குவதற்குள் முஜாஹித் வந்தார். தோல் கம்பெனி வாட்ச்மேன். பேச்சு வராத மனிதர், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குக் குடும்பம் இல்ல. கேட்டாண்ட சின்ன டிவி ஒண்ணு இருந்துச்சு. அவர் சாப்டாச்சான்னு கேக்கறப்பல்லாம் நானும் ஆச்சு பாய்னு பதில் சொல்லுவேன். வேற யாரும் என்னை அதைக் கேட்டதில்ல" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஜோதி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பரணிதரன் அந்தக் கேள்வியைக் கடைசியாகக் கேட்ட நாளை நினைத்துக்கொண்டான். கேபிள் மூடிய பிறகும் சாமுவேல் தினம் காலை பத்தரைக்கு அவன் கடைக்கு டீ குடிக்க வருவார். வந்து அதே கேள்வியைக் கேட்பார். இறப்பதற்கு முந்தின நாளும் வந்தார். அவசர ஆர்டர் ஒன்றில் தலையை விட்டுக்கொண்டிருந்த பரணிதரன், "தெரியலண்ணா, வூட்ல கேக்கணும்" என்று சொல்லிவிட்டான். "சம்பூர்ணமா இருந்தா சொல்லியிருப்பா" என்று சிரித்துக்கொண்டே அவர் போனார். அந்த ஒரு பதிலைச் சொல்லாமல் விட்டது இந்த ஐந்து நாளும் அவனை அரித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் வாசலில் சலசலப்பு. ராமமூர்த்தி மைக்கில் கிட்டத்தட்ட கூவினார். நாட்றம்பள்ளி சம்பூர்ணம் நேரில் வந்துவிட்டார்.

வந்தது அறுபது வயசு அம்மாள். பட்டுப்புடவை, கை நிறைய வளையல், கூட ஒரு மகன். மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. பரணிதரன் மட்டும் எழுந்திருக்கவில்லை. ஜோதி நாற்காலிமேல் ஏறி நின்று பார்த்தாள். ராமமூர்த்தி பொன்னாடையைப் போர்த்தி, அந்த வெல்வெட் நாற்காலியில் உட்கார வைத்து, மைக்கைக் கையில் கொடுத்தார். பிறகு சாமுவேல் மாதிரியே குரலை வைத்துக்கொண்டு, "சம்பூர்ணம், சாப்டாச்சா? இன்னா கொழம்பு?" என்று கேட்டார். ஆயிரம் வாய் கருவாட்டுக்காகத் திறந்தபடி காத்திருந்தது.

"சாம்பாரு" என்றாள் அந்த அம்மாள்.

மண்டபத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அது எப்படி சாம்பாராகும் என்று பின்வரிசையில் ஒருவர் சத்தமாகவே கேட்டார். அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்தது. மகனைப் பார்த்தாள், ஜனத்தைப் பார்த்தாள், ராமமூர்த்தியைப் பார்த்தாள். தப்பிக்க வழி தேடுகிறவர்களுக்கு முதலில் அகப்படுகிறது பொய்தான். "அதெல்லாம் எனக்கு இன்னா தெரியும்? அவர்தான் எழுதிக் கொடுப்பாரு. நான் பார்த்துப் படிப்பேன்" என்று சாமுவேலின் படத்தைக் காட்டினாள்.

ஜாஸ்மின் தலையைக் குனிந்துகொண்டாள். எழுதிக் கொடுத்தாரா, அப்படியானால் எல்லாமே நாடகமா என்று இங்கும் அங்கும் பேச்சு கிளம்பியது. எந்த அவப்பெயர் சாமுவேலுக்கு வரக்கூடாது என்று பரணிதரன் ஐந்து நாளாகப் பட்டினி கிடக்காத குறையாகப் பயந்தானோ, அது கண்ணெதிரே வந்துகொண்டிருந்தது. அதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது, அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எழுதிக் கொடுத்தாராமே! பதினான்கு வருஷம் ஒரு வார்த்தை ஒருத்தர் எழுதிக் கொடுத்ததுண்டா? ஒவ்வொன்றும் அவன் சொந்தமாக யோசித்தது. தவளை தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்? அவன் எப்போது எழுந்தான் என்று அவனுக்கே தெரியாது.

"நான் ஒண்ணும் சொல்லல, சொன்னா சண்டை" என்று நாட்றம்பள்ளி சம்பூர்ணத்தின் குரல் கணீரென்று கேட்டது. "எவடி அவ, எனக்கு எழுதிக் கொடுத்தாங்கன்றது?"

ஆயிரம் தலையும் திரும்பியது. நடுவரிசையில், வெள்ளைச் சட்டையும் மீசையுமாக ஃப்ளெக்ஸ் கடை பரணிதரன் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் நாற்காலிமேல் நின்றிருந்த ஜோதி மெதுவாக இறங்கி உட்கார்ந்தாள்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? பரணிதரன் மேடைக்குப் போனான். முதல் மூன்று நாள் போன் அடிக்காததிலிருந்து கைக்குட்டை வரை எல்லாவற்றையும் சொன்னான். ஏமாற்றியது தான்தான் என்றும், அவர் நிறுத்தச் சொல்லியும் ஜனம் கேட்டதால் திரும்ப ஆரம்பித்தது என்றும், திட்டுவதானால் தன்னைத் திட்டும்படியும் கேட்டுக்கொண்டான். "உங்ககிட்ட அவர் கேட்ட கேள்வி எதுவும் பொய் இல்ல. பதில் சொல்றதுக்கு யாரும் இல்லாதப்ப நான் ஒரு பதில் சொன்னேன், அவ்ளோதான்" என்றான்.

பட்டுப்புடவை அம்மாள் எழுந்து வந்தாள். "பேரும் ஊரும் என்னுதேதான்பா. ஹைவேல என் பேரைப் போட்டு வர்றான்னு எழுதியிருந்தா வராம எப்படி?" என்று சொல்லி, பொன்னாடையைக் கழற்றி அவன் தோளில் போட்டாள். அங்கங்கே சிரிப்பு கிளம்பி, யாரையோ பார்த்ததுபோல் உடனே நின்றுபோனது. ஜோதி மேடைக்கு வந்துகொண்டிருந்தாள்.

அவள் முகத்தைப் பார்த்த ராமமூர்த்தி கேட்காமலே மைக்கைக் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளிப் போனார். ஜோதி புருஷனை மேலும் கீழும் பார்த்தாள். பொன்னாடையைப் பார்த்தாள். பதினாறு வருஷத்தையும் மனசுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. அப்புறம் மைக்கை வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"சம்பூர்ணக்கா" என்றாள். "சாப்டாச்சா? இன்னா கொழம்பு?"

பரணிதரன் சாமுவேலின் படத்தைப் பார்த்தான். ஐந்து நாளாகத் தொண்டையில் நின்ற பதில் இது. பெரியம்மாவின் குரலை இழுத்தான், வந்தது. "மொச்சக்கொட்ட போட்டு கருவாட்டுக் கொழம்பு தோஸ்த். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எங்கூட்டு ஆளுதான் வச்சான். உப்பு கொஞ்சம் ஜாஸ்தி." ஜாஸ்தி என்னும்போது குரல் உடைந்து ஆம்பளைக் குரலாகிவிட்டது. அப்படியே எல்லார் முன்னாலும் தேம்பித் தேம்பி அழுதான். முதலில் கை தட்டியது முஜாஹித். பிறகு மண்டபம் சிரித்ததா அழுததா என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஜாஸ்மின் எழுந்து வந்து, அப்பாவுடைய காலி டீ கிளாசுக்குக் காரணம் இன்றைக்குத்தான் தெரிந்தது என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது வண்டியில் ஜோதி ஒரு வார்த்தை பேசவில்லை. பரணிதரனும் பேசவில்லை, அவனுக்கு உண்மையிலேயே தொண்டை கட்டியிருந்தது. ஹைவே ஓரம் அவன் கட்டிய ஃப்ளெக்ஸ் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். இறங்கி நின்று, தோற்றத்திலிருந்து கடைசி வரிவரை நிதானமாகப் படித்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கிழமையும் நீங்கதான் சமைக்கணும்" என்றாள்.

"அந்தத் தீர்ப்பைச் சொன்னதே நான்தான ஜோதி?"

"நீங்க எங்க சொன்னீங்க? சம்பூர்ணக்கா சொன்னாங்க" என்று சொல்லிவிட்டு அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். "உப்பு எங்க இருக்குன்னு வூட்டுக்குப் போய்க் காட்றேன். வண்டியை எடுங்க."